ஆபீசுப் பேச்சு

சூர்யபிரகாஷ் வீட்டில் உட்கார்ந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறான் என்பது ஊருக்குத் தெரியும். அது என்ன வேலை என்பதுதான் ஊருக்குப் பிடிபடவே இல்லை. கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற ரோட்டில் இறங்கி, தைலமரக் காட்டை ஒட்டி உள்ளே போனால் வருகிற சின்ன ஊர். அங்கே வேலை என்றால் உடம்பில் மண்ணாவது சிமிண்டாவது ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பஸ் ஏறித் திருச்சிக்காவது போய்வர வேண்டும். இடுப்பில் கைலி, மேலுக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. இந்தக் கோலத்தில் கடலை மூட்டை அடுக்குகிற அறையில் உட்கார்ந்து காற்றோடு இங்கிலீஷ் பேசுகிறவனை வேலை பார்ப்பவன் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? "வீட்டுலதானே இருக்கான்" என்று சிலிண்டர் இறக்கவும் ரேஷன் கடைக்குப் போகவும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார்கள்.

கொரோனாவுக்குச் சென்னையிலிருந்து வந்தவன். வந்த இடத்தில் இருக்கும்போதே கம்பெனி அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஓர் இன்சூரன்ஸ்காரனுக்கு இங்கிருந்து போன் எடுக்கிற வேலை. அங்கே யாராவது செத்துப்போனால் வீட்டு ஆட்கள் கூப்பிடுவார்கள். இவன் எடுத்து முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பாலிசி நம்பர் கேட்க வேண்டும். இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்க வேண்டும். அவர்கள் புருஷன் என்றோ மகள் என்றோ சொன்னதும், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்பதை "ஐ ஆம் வெரி சாரி ஃபார் யுவர் லாஸ்" என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருப்பதும் கம்பெனி எழுதிக் கொடுத்த பேச்சில் உள்ளதுதான். பிறகு அடுத்த கேள்வி. குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. சூர்யபிரகாஷுக்கு அது அழகாக வந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் குரலைத்தான் போட்டுக் காட்டுவார்களாம்.

அங்கே விடியும்போது இங்கே இருட்டு. கோழி கூவுமுன் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்கு எழுந்துவிடலாம். முதல் மூன்று வருஷம் அப்படித்தான் எழுந்தான். சாயங்காலம் தம்பி கோபிநாத்தோடு கீரனூர் வரைக்கும் வண்டியில் போய் டீ குடித்துவிட்டு வருவான். பெண்டாட்டி இளமதிக்குக் கீரை ஆய்ந்து கொடுப்பான். அப்போது வேலை ஒரு பக்கம் இருந்தது, வீடு ஒரு பக்கம் இருந்தது.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கட்டுத்தறி, அதில் செவலை. கோபி கன்றிலிருந்து வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளை. கோபி பெயிண்டர் வேலைக்குப் போகிறவன். ஆனால் கேட்டால் மாடு வளர்க்கிறேன் என்றுதான் சொல்வான். அவனைத் தவிர யாரும் செவலையைக் கயிறு பிடித்து நடத்தியது கிடையாது. ஆத்தா ராசாத்தி தொட்டியில் தண்ணீரும் தீனியும் வைக்கலாம், அவ்வளவுதான் அதிகாரம். அவிழ்க்கப் போனால் தலையைத் தாழ்த்திவிடும்.

போன வைகாசியில் திருச்சி ரோட்டில் ஒரு லாரி கோபியை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்பே உயிர் போய்விட்டது. மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த சூர்யபிரகாஷ், காலைக் கழுவிக்கொண்டு நேரே அறைக்குள் போய் ஹெட்செட்டை மாட்டினான். வெளியே பொம்பளைகள் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். டீம் லீடர் நல்ல மனுஷர். லீவு இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அவரே சொன்னார். வீட்டில்தானே இருக்கிறேன், பரவாயில்லை என்று இவன்தான் சொன்னான். அன்றைக்கும் யார் யாருக்கோ வருத்தம் சொன்னான். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்தால் ஓவர்டைம், அது முடிந்தால் அடுத்தவர் விட்ட வேலை. சோறு கீபோர்டுக்குப் பக்கத்தில் ஆறிக்கிடக்கும். மிக்சர் பாக்கெட்டும் டீயும்தான் உள்ளே போயின. தூக்கம் அந்த நாற்காலியிலேயே. ராசாத்திக்கு ஒரே ஆத்திரம். "கூடப்பொறந்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணுத்தண்ணி விடல, இவன் மனுசனா?" என்று இளமதியிடம்தான் கேட்பாள். அவனுக்கும் அது காதில் விழும். கேட்கவேண்டிய கேள்விதான் என்று தோன்றும். ஆனால் வேறு எதுவும் தோன்றாது.

கார்த்திகை மழை விட்ட சமயத்தில் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவனின் குதிகாலில் முள் ஒடிந்து நிற்பதை இளமதி பார்த்தாள். எப்போது குத்தியது என்று அவனுக்கே தெரியவில்லை. பயந்துபோய்க் கீரனூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் அங்கங்கே ஊசியால் தொட்டார். தொட்ட இடங்களில் பாதியைக்கூட இவன் சொல்லவில்லை. சர்க்கரை வந்திருக்கிறது, ஆரம்பம்தான், பார்த்துக்கொண்டால் போதும் என்றார். காலை மாலை நடக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வேலை முடிந்தால் கம்ப்யூட்டரை மூட வேண்டும், நேரத்தில் படுக்க வேண்டும். சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் ஹெட்செட்டை எடுத்தான்.

இளமதி சும்மா விடுகிறவள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மாட்டுத்தொட்டி ஓரமாக நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"டாக்டர் சொன்னத யோசிச்சுப் பாத்தேன். காலையில நடக்கணும்னாரு. கோபி விடிஞ்சதும் செவலையக் கொளத்துக்குப் பத்திக்கிட்டுப் போவாரு. நேரத்துக்குச் சாப்புடணும்னாரு. பருத்திக்கொட்ட ஊறுறது செத்த நேரம் பிந்துனா அவரு அத்தையவே வஞ்சிருக்காரு. ஒரே எடத்துல கெடக்கக் கூடாதுன்னாரு. இது மத்தியானம் வேப்பமரத்தடியில நிக்கும், சாயங்காலம் மேட்டுல கொம்பால மண்ணுக் குத்தப் போகும். வெளக்கு வச்சதும் படுத்துரும். டாக்டர் சொன்னது பூராம் இந்த வீட்டுல நடந்ததுதாங்க. மாட்டுக்கு நடந்துச்சு, மனுசனுக்குத்தான் நடக்கல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இப்ப ரெண்டு பேரும் கட்டிப்போட்ட எடத்துலதான் நிக்கிறீக. அதுக்குக் காலு வீங்குது, ஒங்களுக்குக் காலு மரத்துப்போச்சு. காலையில எடவேளை உட்றாங்கல்ல, அப்ப அதப் புடிச்சுக்கிட்டுக் கொளத்துக்குப் போயிட்டு வாங்க. ரெண்டு உசுருக்கும் நல்லது."

"அது என்னைய விடாது."

"பழகிப் பாக்காம எப்புடி விடும்?"

அவன் பதில் சொல்லுமுன் போன் வந்துவிட்டது. யாருடைய அம்மாவோ இறந்திருந்தாள்.

கோபி போனதிலிருந்து செவலை நடக்கவே இல்லை. குளம்பு வளர்ந்து வளைந்துவிட்டது. வயிறு தொங்கியது. ராசாத்தியின் அண்ணன் உடையப்பன் ஒருநாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு காலத்தில் வாடிவாசலில் மாடு பிடித்த ஆள். அவர் எப்போதும் நேரடியாகத்தான் பேசுவார்.

"இன்னும் கொஞ்ச நாளு இப்புடியே நின்னா இது எதுக்கும் ஆகாது, தங்கச்சி. அப்பறம் அடிமாட்டுக்காரன்தான் வருவான். நம்ம கோபி வளத்த மாட்ட அதுக்கா கொடுப்ப? நல்ல எடமாப் பாத்து இப்பவே தள்ளிவிட்ருவோம். என்ன மாப்ள சொல்ற?"

"ஒங்க இஷ்டம் மாமா."

"என் இஷ்டம் என்னடா? மாடு ஒன் தம்பி மாடு."

சூர்யபிரகாஷ் தலையை ஆட்டினான். ராசாத்தி மட்டும், அந்த ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்று முனகினாள். அதைக் கேட்டு உடையப்பனுக்கும் மனசு இளகிவிட்டது. மாடு வளர்க்கிறவர்கள் வெளியூர் போனால் வீட்டில் இன்னொருத்தன் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மாட்டுப் பக்கம் போவான், வேர்வை வாசத்துக்கு மாடு அடங்கும் என்றார். கோபி மாட்டு வேலைக்குப் போடுகிற சட்டை கட்டுத்தறிக் கம்பத்தில் ஆணியில் அப்படியே தொங்கியது. ராசாத்தி அதை யாரையும் தொட விடவில்லை. நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டு போய்ப் பாரு மாப்ள, அடங்கினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வரப்போகிற சனிக்கிழமை வியாபாரியைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளமதி நல்லதுக்குத்தான் செய்தாள். சட்டையில் ஒட்டடை, எலிப்புழுக்கை, பெயிண்ட் தூசி. புருஷனுக்கோ சர்க்கரை, ஒரு சிரங்கு வந்தால் ஆறாது. அன்றைக்குச் சாயங்காலமே சட்டையை எடுத்து, ஊறவைத்து, நன்றாகக் கும்மித் துவைத்து, வாசனைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிட்டாள். எதற்காக அந்தச் சட்டை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அழுக்கைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது.

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்த ராசாத்தி கொடியைப் பார்த்தாள். சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மோந்தாள். திருப்பி மோந்தாள். "சோப்பு வாசம்தான் அடிக்குது" என்றாள். திட்டியிருந்தால்கூட இளமதி தாங்கியிருப்பாள். ராசாத்தி சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். இளமதி அடுப்படிக்குள் போய் அழுதாள். சூர்யபிரகாஷ் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றான். தன் தம்பியின் வாசம் இந்த உலகத்தில் இனி எங்கேயும் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, ஒன்றும் செய்யவில்லை. "பரவால்ல, நாளைக்குப் போட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் போட்டுக்கொண்டு போனான். செவலை மூக்கை நீட்டியது. ஒரு கணம்தான். வாசனைத் தண்ணீர் நெடி ஏறியதோ என்னவோ, சடாரென்று தலையை ஆட்டியதில் கொம்பு பையில் மாட்டிச் சட்டை கிழிந்தது. இவன் சாணிக் குழியில் விழுந்தான். விலாவில் நல்ல அடி. இளமதி மஞ்சள் பத்துப் போடும்போது, வலிக்குதா என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். அது பொய்யில்லை.

பத்தைத் தடவிக்கொண்டே இளமதி இன்னொன்றும் சொன்னாள். அவன் ஆபீசுப் பேச்சுப் பேசுகிற நேரத்தில் செவலை காதைத் திருப்பிக்கொண்டு அசை போடுகிறதாம். அவன் லீவாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் நிலைகொள்ளாமல் சுற்றுகிறதாம், தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். நாலு வருஷமாக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று அதைத்தானே கேட்கிறது என்றாள். அவன் ம் என்றான்.

சனிக்கிழமை வியாபாரி வந்தார். மணப்பாறைப் பக்கத்து ஆள். குட்டியானை வண்டியைப் பாதை முக்கில் நிறுத்திவிட்டு, இரண்டு ஆட்களோடு புதுக்கயிறு கொண்டுவந்தார். மாட்டை விற்கிறவர்கள் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர்தான் கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். ராசாத்தி செவலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்க முயன்று, முடியாமல், தொட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சூர்யபிரகாஷுக்கு அன்றைக்கும் ஓவர்டைம். உள்ளே இருந்தான். இடைவேளையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

ஆட்கள் நெருங்கியதும் செவலை முளைக்குச்சியைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தது. ஒருத்தன் வைக்கோல்போர் மேல் ஏறிக்கொண்டான். மற்றவன் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டான். "என்னங்க இது, ஆளக் கொல்ற மாட்டக் காட்டுறீங்க" என்று வியாபாரி உடையப்பனிடம் சண்டைக்கு வந்தார். அந்தச் சத்தத்தில் உள்ளே சூர்யபிரகாஷுக்குப் போனில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்திப் பாலிசி நம்பரைத் திருப்பிக் கேட்டான். செவலை நின்றது. ஜன்னல் பக்கம் காதைத் திருப்பியது. வாயில் அசை வந்தது.

இளமதி அறைக்குள் ஓடினாள். அவன் அந்தப் பேச்சை முடிக்கிறவரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளியில வாங்க. வந்து அதுக்கிட்ட பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"இப்பப் பேசுனீங்கல்ல, அதத்தான். ஆபீசுப் பேச்சு."

அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை. இடைவேளையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான். ஹெட்செட் கழுத்திலேயே கிடந்தது. கட்டுத்தறிக்கு எதிரே நின்று, கம்பெனி சொல்லிக்கொடுத்த அதே குரலில் ஆரம்பித்தான். "குட் மார்னிங். தேங்க்யூ ஃபார் காலிங். மே ஐ ஹேவ் யுவர் பாலிசி நம்பர், ப்ளீஸ்?" வைக்கோல்போர் மேல் இருந்தவன் சிரித்துவிட்டான். உடையப்பன் அவனை முறைத்தார். சூர்யபிரகாஷ் பேசிக்கொண்டே போய்ப் பழைய கயிற்றை அவிழ்த்தான். செவலை அவன் தோளை மோந்தது. அவன் சட்டை, அவன் வேர்வை. வெறுமே ஒரு பெருமூச்சு விட்டது.

"அப்புடியே வண்டிக்குப் பத்திக்கிட்டு வந்துரு மாப்ள" என்று உடையப்பன் அடிக்குரலில் சொன்னார். "கயித்த வண்டியில வச்சு மாத்திக்குவோம்."

சரிதான் என்று அவனும் நடந்தான். பேச்சை நிறுத்தினால் மாடு என்ன செய்யுமோ என்று விடாமல் பேசினான். உறவு கேட்கிற இடத்துக்கு முன்னால் வரைக்கும் வந்து, திரும்பவும் குட் மார்னிங் என்று ஆரம்பித்தான். ஏன் அந்த இடத்தில் திரும்புகிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. பாதை முக்கில் இடது பக்கம் வண்டி, பலகை இறக்கித் தயாராக நின்றது. வலது பக்கம் குளம். செவலை வழக்கம்போல வலது பக்கம் திரும்பியது. கயிற்றை ஓர் இழுப்பு இழுத்திருந்தால் வந்திருக்கும். அவன் இழுக்கவில்லை. "ஏய் மாப்ள, இங்கிட்டுடா" என்று பின்னால் சத்தம் வந்தது. அவன் பாலிசி நம்பர் கேட்டுக்கொண்டே மாட்டோடு போனான்.

மழைக்குக் குளம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வளைந்த குளம்பை எடுத்து எடுத்து வைத்து, செவலை கரையில் இறங்கித் தண்ணீருக்குள் போனது. கைலியோடு அவனும் இறங்கினான். கோபி நிறுத்துகிற இடத்திலேயே அது நின்றது. இடுப்பளவு தண்ணீர். இரண்டு கையாலும் அள்ளி அதன் முதுகில் விட்டான். நம்பர் கேட்டாகிவிட்டது. திரும்ப ஆரம்பிக்க மூச்சு வரவில்லை. வாய் தன் பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. தினமும் எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்வி. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று இங்கிலீஷில் கேட்டான்.

கேட்டுவிட்டுப் பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருந்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. செவலை காதை ஆட்டியது. தண்ணீர் அலம்புகிற சத்தம்.

"தம்பி" என்றான்.

தமிழில்தான் வந்தது. அதற்கடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். "ஐ ஆம் வெரி" என்பது வரைக்கும் வந்தது. அதற்குமேல், ஏறாத, இறங்காத அந்தக் குரல் உடைந்துவிட்டது. மாட்டின் திமிலில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். பேச்சு நின்றும் செவலை அசையவில்லை.

கரையில் இளமதியும் ராசாத்தியும் மூச்சு இரைக்க வந்து நின்றார்கள். உடையப்பன் தூரத்திலேயே நின்று, வியாபாரியைக் கையைக் காட்டி நிறுத்தினார். இளமதி கையில் அவன் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இடைவேளை முடிந்து வெகுநேரமாகியிருந்தது. அவன் அழுகை கொஞ்சம் அடங்குகிறவரைக்கும் அவள் பொறுத்திருந்தாள்.

"ஒங்க டீம் லீடரு கூப்புடுறாருங்க. என்ன சொல்ல?"

அவன் நிமிர்ந்து முகத்தைத் தண்ணீரில் கழுவினான்.

"இன்னைக்கி லீவுன்னு சொல்லு."

"எதுக்குன்னு கேப்பாரே."

"தம்பி செத்துப்போயிட்டான்னு சொல்லு."

ராசாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இளமதி போனை எடுத்துக் காதில் வைத்து, அவன் சொன்னதை அப்படியே சொன்னாள்.